வலைக்கழியில் கட்டிய துணி

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருகிற எதையும் என் அடக்கம் என்றோ பெருந்தன்மை என்றோ யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தெருவில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினால் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நினைப்பேன். அம்மா "உன்கிட்ட ஒண்ணு பேசணும்" என்று ஆரம்பித்தால், அது கேஸ் சிலிண்டர் விஷயமாகவே இருந்தாலும், என்ன பொய் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். வளர்ந்தது மாத்தூரில். ஓவியக் கல்லூரியில் படித்தேன். படித்து முடித்தவுடன் உலகம் என்னைத் தேடி வரவில்லை என்பதால், கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் சேர்ந்தேன். பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை வழியாகத்தான் தெருவுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காக வரைவேன். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தைக் காகிதத்தில் எழுத எனக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது.

அவன் கடைக்கு வந்தது அவனுடைய அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு பேனருக்காக. அவன் ஊர் எண்ணூர் ஆற்றங்கரையில் ஒரு மீனவர் குப்பம். குப்பத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அப்பாவின் படம் என்று அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. அவரைச் சுற்றிப் பதினோரு பேர். அத்தனை பேரையும் நான் கணினியில் ஒவ்வொருவராக வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பின்னணிக்கு நாங்கள் வழக்கமாக வைக்கும் மேகம், புறா, தீபம் மூன்றையும் வேண்டாம் என்றான். எங்க நைனாவுக்குப் புறான்னாலே ஆவாது, ஆத்தைப் போடு என்று தன் போனில் இருந்த ஒரு படத்தை அனுப்பினான்.

அந்தப் படத்தில் தண்ணீருக்கு நடுவில் ஒரு கழி நின்றது. கழியின் உச்சியில் பச்சைக் கட்டம் போட்ட லுங்கித் துணி, அதற்குக் கீழே மஞ்சள் நைலான் கயிறு மூன்று சுற்று. என்ன அது என்று கேட்டேன். அதுதான் தங்கள் வலைக்கு அடையாளம் என்றான். ஆற்றில் வலை போடும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு துணி உண்டாம். தூரத்தில் இருந்தே யாருடைய வலை என்று தெரிந்துவிடுமாம். அப்பா இடதுகைக்காரர், அதனால் முடிச்சு மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கமாகச் சாயும், தனக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று சொல்லி, என் மேசையில் கிடந்த கயிற்றில் அந்த முடிச்சைப் போட்டும் காட்டினான். நான் முடிச்சையா பார்த்தேன்? அவன் விரல்களைத்தான் பார்த்தேன். இருந்தாலும் முடிச்சும் சேர்ந்து மனப்பாடமாகிவிட்டது.

அதன் பிறகு நான்கு வருடம். எப்படி ஆரம்பித்தது, யார் முதலில் கையை நீட்டியது என்பதெல்லாம் எங்கள் இரண்டு பேரோடு இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் போவேன், படம் வரையும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. அந்தப் பை எனக்குப் பெரிய பாதுகாப்பு. கரையில் ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் ஊரே கேள்வி கேட்கும். பலகையும் பென்சிலும் மடியில் இருந்தால் பைத்தியம் என்று விட்டுவிடும். சட்டம் மாறிவிட்டது, இனி பயமில்லை என்று கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மாறியிருக்கலாம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெண்களின் கண்ணுக்கு அந்தச் சட்டம் தெரியாது. நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் நடுவில் எப்போதும் ஒரு தூக்குவாளி இருக்கும். யாராவது வந்தால் அவன் எழுந்து வலைப் பக்கம் போய்விடுவான். நான் கோடு கிழித்துக்கொண்டிருப்பேன்.

அவன் முகத்தை நான் ஒரு முறைகூட வரைந்ததில்லை. வரைய முடியாது. ஒரு ஆணின் முகத்தை ஆசையோடு வரைந்தால் கோட்டிலேயே காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன். கேட்டால் சொல்ல ஒரு பதில் கைவசம் இல்லாத எதையும் படத்தில் வைக்கக் கூடாது. ரயில் பாலம், புகைபோக்கிகள், சாம்பல் நிறத் தண்ணீர் என்று பெரிதாக வரைவேன். ஓரத்தில் இரண்டு ஜோடி செருப்பு கிடக்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு. கேட்டால், மனிதர்கள் இருந்ததற்கான தடயம் என்பேன். கரைக்கல்லின் மேல் இரண்டு டீ கிளாஸ், ஒன்றில் மட்டும் மிச்சம் இருக்கும். கேட்டால், வெளிச்சம் விழுவதற்காக என்பேன். எல்லாப் படங்களிலும், தண்ணீர் எங்கே எனக்குப் பிடித்த மாதிரி மின்னுகிறதோ அங்கே, ஒரு கழியை நட்டு அவனுடைய பச்சைத் துணியைக் கட்டிவிடுவேன். மூன்று சுற்று மஞ்சள் கயிறு, எதிர்ப்பக்கம் சாயும் முடிச்சு. கேட்டால், பழுப்புக்கு நடுவில் ஒரு பச்சை தேவைப்பட்டது என்பேன். உண்மையில் அது அவன் பெயரை எழுதுவதற்குச் சமம். அதை எழுத ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வேன். சந்தோஷத்திலா பயத்திலா என்று கேட்டால் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

இப்படி ஐந்து பெரிய படங்கள் சேர்ந்தன. நகரத்தின் தெற்கே, மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில் ஓவியக்கூடம் நடத்தும் பெண்மணி ஒருவர் அவற்றை மாட்டச் சம்மதித்தார். நல்ல மனுஷி. திறப்பு அன்று என் படங்களில் சூழலியல் துயரம் இருக்கிறது, தொழிற்சாலைகளின் வன்முறை இருக்கிறது என்று பேசினார். நான் தலையை ஆட்டினேன். பச்சைத் துணியைக் காட்டி, இது நம்பிக்கையா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். நம்பிக்கை என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்பதில்லை.

ஒரே ஒருவர் மட்டும் கண்டுபிடித்தார். வாசலில் இருந்த பார்வையாளர் குறிப்பேட்டில், கையெழுத்துப் போடாமல், "செருப்புகளைப் பார்த்தேன். நன்றி" என்று யாரோ எழுதியிருந்தார்கள். உலகத்தில் ஒருவருக்கு நான் எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒரு பக்கம் அழுகை வந்தது. இன்னொரு பக்கம், ஒருவருக்குத் தெரிந்தால் இன்னொருவருக்கும் தெரியுமே என்று குலை நடுங்கியது. அந்தத் தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு அந்தப் பெண்மணிக்கு ஒரு யோசனை வந்தது. படங்களை அவை பிறந்த இடத்துக்கே கொண்டுபோக வேண்டும், ஆற்றோரத்து மக்கள் பார்க்க வேண்டும் என்றார். அவனுடைய குப்பத்திலேயே சமூகக்கூடத்தைக் கேட்டு வாங்கிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்ற கேள்விதான் எனக்கு எமன். அதனால் மிகவும் நல்ல யோசனை என்று சொல்லிவிட்டேன். அவனிடம் சொன்னபோது சிரித்தான். எங்க ஆளுங்க படத்துல இன்னாத்த பாக்கப் போறாங்க, தன் வூடு கீதான்னு பார்த்துட்டுப் போயிடுவாங்க என்றான். அவனும் அந்தப் படங்களை முழுதாகப் பார்த்ததில்லை. துணி இருக்கும் மூலையை மட்டும் போனில் காட்டுவேன், பார்த்தவுடன் அழித்துவிடுவேன். அவ்வளவு ஜாக்கிரதை. அந்த ஜாக்கிரதைதான் எங்களைக் கெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வந்தது. ஓவியக்கூடத்தில் எல்லோரும் நான்கு அடி தள்ளி நின்று தலையைச் சாய்ப்பார்கள். இங்கே மூக்கு படத்தில் படும் அளவுக்குக் கிட்டே போனார்கள். விரலை வைத்துத் தடவினார்கள். இது பாலத்தோட மூணாவது தூணு, இங்கதான் சேறு இழுக்கும், இது வடக்குக் கரை என்று படத்துக்குள்ளேயே நடந்துபோனார்கள். நான் பூரித்துப்போனேன். தெற்கில் யாரும் என் படத்தில் இத்தனை நேரம் இருந்ததில்லை. இறால் வலை போடும் ஒருவர், என் வயதுதான் இருக்கும், ரயில் பாலத்துப் படத்தின் முன்னால் நின்று, இது எந்த மாசம் வரைஞ்சது என்று கேட்டார். ஐப்பசி, மழை விட்ட மறுவாரம் என்றேன். நேர்ல பார்த்துத்தான் வரைஞ்சியா என்று கேட்டார்.

"நேரில் நின்றுதான் வரைவேன். இல்லாததை நான் வரைவதில்லை" என்றேன்.

பெருமையாகச் சொன்னேன். அந்த வாக்கியத்தை என் வாயிலிருந்து திரும்பப் பிடுங்க முடிந்தால் என் வலது கையைக் கொடுத்துவிடுவேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அந்த ஆள் வந்து பார்த்தார், பச்சைத் துணியின் மேல் விரலை வைத்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது ஆள் வந்தார். மூவரும் அடுத்த படத்துக்குப் போனார்கள். அங்கேயும் துணியைத்தான் தேடினார்கள். கண்டுபிடித்ததும் தாழ்ந்த குரலில் அவன் பெயரைச் சொன்னார்கள். கூடத்தில் இருந்த பேச்சு மெல்ல மெல்ல அடங்கியது. தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். நான்கு வருடம் எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது, இனி அடிப்பார்கள், மாத்தூருக்கு ஆள் அனுப்புவார்கள், அம்மாவுக்குத் தெரியும் என்று மனம் எங்கெங்கோ ஓடியது. அவன் கூடத்தின் வாசலில் நின்றான். அவன் முகமும் வெளுத்திருந்தது.

அவர்கள் கண்டுபிடித்தது வேறு. அதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த ஆற்றில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட முடியாது. எந்த மாசத்தில், எந்த நாளில் யார் எந்த இடத்தில் போடலாம் என்று முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். அந்த முறையில் பங்கு உள்ள குடும்பத்துக்குத் தலைக்கட்டு என்று பெயர், கல்யாணம் ஆன ஆணுக்குத்தான் அது கிடைக்கும். அவன் கல்யாணம் ஆகாதவன். செத்துப்போன அப்பாவின் பங்கில், ஊர் பார்த்துக் கருணையாக விட்டுவைத்ததில், வலை போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பங்கில்தான் அவனும், புருஷனை விட்டு வந்து இறால் விற்கும் அக்காவும், அக்காவின் இரண்டு பெண்களும் சாப்பிட்டார்கள்.

ஆற்றில் மீன் குறைந்ததிலிருந்து, முறை இல்லாத நாளில் யாரோ பாலத்தடியில் திருட்டுத்தனமாக வலை போடுகிறார்கள் என்று ஊரில் ஒரு வருடமாகப் புகைச்சல். யார் என்று பிடிபடவில்லை. ஐப்பசியில் பாலத்தடி வேறு சில வீடுகள் சேர்ந்த ஒரு பிரிவுக்கு உரியது. இப்போது என் படத்தில், ஐப்பசியில், பாலத்தடியில், அவன் துணி கட்டிய கழி நிற்கிறது. பக்கத்துப் படத்தில் முகத்துவாரத்தில் நிற்கிறது. அதற்கடுத்ததில் அவனுக்குப் பங்கே இல்லாத வடக்குக் கரையில் நிற்கிறது. தண்ணீர் மின்னிய இடமெல்லாம் எனக்கு அழகு. அவர்களுக்கு அது ஒவ்வொன்றும் ஒரு விலாசம். போனில் மூலையை மட்டும் பார்த்த அவனுக்கும் கழி எங்கே நிற்கிறது என்று தெரிந்திருக்கவில்லை. வரைந்தவனே நேரில் பார்த்தேன் என்று சாட்சியும் சொல்லிவிட்டான்.

கூடத்திலேயே நான் மறுக்கப் பார்த்தேன். அது கற்பனை, கழி அங்கே இல்லை, நான்தான் சேர்த்தேன் என்றேன். இப்பதானே இல்லாததை வரைய மாட்டேன்னு சொன்ன என்று அந்த இறால் வலைக்காரர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார். புதன்கிழமை காலை மீன் ஏலக்கூடத்தில் ஊர்ப் பஞ்சாயத்து, இரண்டு பேரும் வர வேண்டும், அந்தப் பாலத்துப் படம் அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஓவியக்கூடத்துப் பெண்மணி மக்கள் படத்தோடு இவ்வளவு ஒன்றிப்போனதைப் பார்த்து நெகிழ்ந்துபோயிருந்தார். நான் அவருக்கு ஒன்றும் விளக்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் ஒரு காதுகுத்து பேனரில் பெண்ணின் பெயருக்குப் பதில் மாமனின் பெயரைப் பெரிதாகப் போட்டு முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். அவன் திருடன் இல்லை என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். கழியைப் படத்தில் அங்கே நட்டது நான். அதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பதும் தெரியும். ஆற்றில் நூறு வீட்டுத் துணி பறக்கிறது, ஐந்து படத்திலும் இவன் துணி மட்டும் ஏன்? என் விதிப்படி எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. இதற்கு மட்டும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கத்திவாக்கம் ஸ்டேஷனில், ஒரே பெஞ்சின் இரண்டு முனையில், தெரியாதவர்கள் போல உட்கார்ந்து பேசினோம். நிறத்துக்காகப் போட்டேன் என்று சொல்கிறேன் என்றேன். சரி என்றான். நம்புவார்களா என்று கேட்டேன். காலடியில் கிடந்த ஜல்லியைச் செருப்பால் தள்ளினான். நம்பாவிட்டால், நான் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அதைக் கேட்கும்போது அவன் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டுமே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அவன் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தான். உனக்கு இன்னா தோணுதோ சொல்லு என்று சொல்லிவிட்டு, வந்த ரயிலில் ஏறாமல், தண்டவாளத்தைத் தாண்டி நடந்து போய்விட்டான்.

புதன்கிழமை ஏலம் முடிந்து தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். என் படத்தை ஐஸ் பெட்டியின் மேல் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். அதன் கீழ் ஓரத்தில் மீன் கழுவிய தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எடுத்து மேலே வையுங்கள் என்று சொல்லக்கூடத் தைரியம் வரவில்லை. முப்பது நாற்பது ஆண்கள் இருந்தார்கள். தூணுக்கு அந்தப் பக்கம் கூடைகளோடு பெண்கள், அவர்களில் அவனுடைய அக்காவும் நின்றார். ஊர்த் தலைவர் மரியாதையான மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். அந்த மரியாதை அடியைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

பாலத்தடியில் அவன் வலையை நான் பார்த்தேனா என்று கேட்டார். பார்க்கவில்லை, படத்தில் பச்சை நிறம் தேவைப்பட்டது, எப்போதோ அவன் துணியைப் பார்த்திருந்தேன், அதைப் போட்டேன் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவர் தலையசைத்தார். எழுந்து போய்ப் படத்தின் முன் குனிந்தார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஏலக்கூடமே அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கலருக்குத் துணி போட்ட, சரி. கயிறு மூணு சுத்து போட்டுக்கீற. முடிச்சு அவங்கப்பன் கை முடிச்சு, அதே மாதிரி இடப்பக்கமா சாயுது. நாங்களே கிட்ட போய்ப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இத்த இவ்ளோ அக்கறையா எதுக்கு வரைஞ்ச தம்பி? உனக்கும் இவனுக்கும் இன்னா?"

கேட்டுவிட்டார். அவருக்கு அந்தக் கேள்வியின் ஆழம் தெரியாது. வலையில் ஏதாவது கூட்டா, மீனில் பங்கா என்கிற அர்த்தத்தில்தான் கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். தூணுக்குப் பக்கத்தில் அக்காவின் முகம் தெரிந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணை இமைக்காமல். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"நான்தான் போட்டேன்" என்றான் அவன்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். பாலத்தாண்ட, முகத்துவாரத்துல, எல்லாம் நான்தான் போட்டேன், இவன் பார்த்துட்டான், சொல்லாதன்னு சொல்லி வெச்சிருந்தேன், அதான் முழிச்சினு கீறான் என்று ஒரே மூச்சில் சொன்னான். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. ரொம்ப நாளாக ஒத்திகை பார்த்தவன் மாதிரி இருந்தது. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று சொல்லிவிடுகிறேன். நிம்மதியாக இருந்தது. கையில் டீ கிளாஸ் இருப்பது ஞாபகம் வந்து, ஆறிப்போன டீயைக் குடித்தேன். அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது.

சத்தம் போட்டார்கள், ஒருவர் அடிக்கக்கூடக் கை ஓங்கினார், தலைவர் தடுத்தார். தீர்ப்பு சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. அப்பாவின் பங்கு இன்றோடு நின்றது. கல்யாணம் கட்டித் தனித் தலைக்கட்டாக வந்தால் அப்போது முறை தருவதைப் பற்றிப் பார்க்கலாம். அவன் சரி என்று தலையாட்டினான். பிறகு வெளியே போய், கரையில் சாத்தியிருந்த தன் கழிகளில் இருந்து துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். பங்கு போனால் துணியை அவிழ்த்து ஊரிடம் கொடுக்க வேண்டும் என்பது வழக்கமாம். முடிச்சுகள் ஈரத்தில் இறுகியிருந்ததால் பல்லால் கடித்து இழுத்தான். நான் ரயிலைப் பிடிக்க நடந்தேன்.

சாயங்காலம் அவன்தான் போன் செய்தான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன், கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று தெரிந்தும். "திருடன்னா ரெண்டு வருசத்துல மறந்துடுவாங்க. அத்த மறக்க மாட்டாங்க" என்றான். இனிமே இந்தப் பக்கம் வராத, துணிய எங்கயும் வரையாத என்று சொல்லி வைத்துவிட்டான். இப்போது காசிமேட்டில் யாருடைய விசைப்படகிலோ கூலிக்குப் போகிறான் என்று கேள்விப்படுகிறேன். கடலுக்குப் போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆகுமாம். அந்த எண்ணுக்கு நான் அழைத்தால் மணி அடிக்கிறது, எடுப்பதில்லை.

இரண்டு வாரம் கழித்து, படத்தை எடுத்துப் போகும்படி தகவல் வந்தது. ஏலக்கூடத்துக்கே போக வேண்டியதாயிற்று. காலை ஏழு மணி. அவனுடைய அக்கா அங்கே தரையில் உட்கார்ந்து, வேறு யாரோ பிடித்த இறாலைக் கூலிக்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு படத்தைத் தூக்கினேன். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வண்ணம் ஊறி உரிந்திருந்தது, பச்சைத் துணி மட்டும் பத்திரமாக இருந்தது. போய்விடலாம் என்று திரும்பியபோது தம்பி என்றார். நின்றேன்.

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்று மட்டும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"எனக்கு நாலு வருசமா தெரியும்" என்றார். "அன்னிக்கு நீ வாயத் தொறப்பன்னுதான் பார்த்துனு இருந்தேன். தொறந்திருந்தா நான் வந்து உங்க ரெண்டு பேர் பக்கத்துல நின்னிருப்பேன்."

மன்னித்துவிடுங்கள் அக்கா என்று சொன்னேனா, நினைத்தேனா என்று நிச்சயமில்லை. அவர் அடுத்த இறாலை எடுத்தார். இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை, தலைவர் வீட்டில்தான் இருக்கிறார், போய்ச் சொல்லு, எங்க வூடு திருடன் வூடு இல்லன்னு சொல்லு என்றார். தலைவர் வீட்டையும் காட்டினார். நீல நிறக் கதவு, இருபது அடிகூட இருக்காது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே யாரோ டிவி பார்க்கும் சத்தம் கேட்டது.

போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். படத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவு வரைக்கும் நடந்தேன். பிறகு அதைத் தாண்டி ஸ்டேஷனுக்கு நடந்தேன்.